சுஷிச் சோறு

திருச்சி பாலக்கரை கிளமென்ட் சிங்கப்பூரில் ஒரு சுஷிக் கடையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். ஆனால் ஒருநாள்கூட வாடிக்கையாளராக உட்கார்ந்து அதைத் தின்றதில்லை. தென்னூரில் ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று மகள் பிரான்சி வந்து சொன்னபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊர் திரும்பி நாலு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற ஒருவரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இருதயமேரிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்துத் தின்பதற்கு டேபிள் வேறு புக் பண்ண வேண்டுமா என்று கேட்டாள். பிரான்சி விடவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு அப்பாவுக்கென்று அவள் செய்கிற முதல் செலவு இது.

கிளமென்ட் சிங்கப்பூர் போனது முப்பத்திநாலு வயதில். ஓட்டல் சூப்பர்வைசர் வேலை என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பினான். போய் இறங்கியதும் தட்டுக் கழுவும் தொட்டியின் முன்னால் நிறுத்தினார்கள். மூன்று வருஷம் தட்டு. அதன் பிறகு அரிசி. தண்ணீர் தெளிகிறவரை அரிசியைக் களைய வேண்டும். வெந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, சர்க்கரையும் உப்பும் கரைத்த காடியை, அதாவது வினிகரை, ஊற்றி, பருக்கை நசுங்காமல் அகப்பையால் கிளறி, விசிறியால் விசிறி ஆற்ற வேண்டும். கையில் எடுத்தால் கைச்சூடும் சோற்றுச்சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்தால் நிற்க வேண்டும். வாயில் போட்டால் தானாகப் பிரிய வேண்டும். அந்தப் பக்குவம் பிடிபட அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தச் சோற்றை மீனோடு சேர்த்துப் பிடி போடுவதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிஞ்சிய சோற்றை அறைக்கு எடுத்துப்போய், மீனுக்குப் பதிலாக ஈரக் கைக்குட்டையை மடித்து வைத்துப் பிடித்துப் பழகினார். ஒருநாள் துணிந்து ஒன்று செய்து தலைமைச் சமையல்காரர் முன்னால் வைத்தார். அந்த ஜப்பான்காரர் எடுத்து வாயில் போட்டார், மென்றார், தலையசைத்துவிட்டுப் போனார். கிளமென்ட்டுக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு, வருகிறவர்களின் கண்ணெதிரே நின்று சுஷி பிடிக்கிற கவுன்ட்டரில் ஓர் இடம் காலியானது. அவர் போய்க் கேட்டார். கை நல்ல கைதான், ஆனால் வருகிறவர்கள் உன்னைப் பார்த்தால் குழம்புவார்கள் என்றார் மேனேஜர். மலேசியாவிலிருந்து ஒரு சீனப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளமென்ட்டின் சோற்றைத்தான் அவனும் பிடித்தான்.

அந்த வருஷம் கடையைக் கழுவி விடுவதற்காக மூடியிருந்த ஒருநாள், கிளமென்ட் யாரோ ஒருவருடைய வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பொய் என்று அதில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இருதயமேரி அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பிரான்சி அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து மூவரும் தென்னூருக்கு ஆட்டோவில் போனார்கள். மாடியில் கடை. காகித விளக்குகளும், மூலையில் பிளாஸ்டிக் பூமரமும். கவுன்ட்டரில் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சப்பையான மூக்கு, சின்னக் கண்கள். பக்கத்து மேசைக் குடும்பம் அவரோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டது. அந்த ஆள் கத்தியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே, இது வெங்காயம் வெட்டிய கை என்று கிளமென்ட்டுக்குத் தெரிந்துவிட்டது.

இருதயமேரி முட்டை ஃப்ரைட் ரைஸ் வாங்கிக்கொண்டாள். மற்ற இருவருக்கும் நீளத்தட்டில் எட்டுத் துண்டுகள் வந்தன. கிளமென்ட் தொடாமல் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். மீனுக்கு அடியில் தண்ணீர் கோத்திருந்தது. ஓரம் வெளுத்திருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். காலையில் வெந்து ஃபிரிட்ஜில் கிடந்த சோறு. அதை மறைக்கக் காடியை அள்ளி ஊற்றியிருந்தார்கள். பிரான்சி கண்ணை மூடி ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"சூப்பரா இருக்குல்லப்பா?" என்றாள்.

அவர் "ம்" என்றார்.

அப்போதுதான் முதலாளி பீமராவ் மேசை மேசையாக வந்தார். முன்பு கார் விற்றவர். சிங்கப்பூர் நாலு தடவை போய்வந்ததில் இந்த ஆசை வந்தது என்று எல்லாரிடமும் சொல்வார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதும் பிரான்சி முந்திக்கொண்டு, அப்பா சிங்கப்பூரில் பதினாலு வருஷம் சுஷி செஃப்பாக இருந்தவர் என்றாள். பீமராவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொல்லும்படி கேட்டார்.

கிளமென்ட் மெல்லச் சொன்னார். "ஐஸ் மீனை அவசரத்துக்குத் தண்ணில போட்டு இளக்கியிருக்கீங்க. அதைக்கூட விடலாம் சார். சோறு செத்துப்போச்சு. சோறு சரியில்லன்னா மேல எந்த மீனை வச்சும் பிரயோஜனம் இல்ல."

பீமராவ் கோபப்படவில்லை. நாளைக்கு வந்து செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கிளமென்ட் காலையிலேயே போய் அரிசியைக் களைந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகும் கை அந்தப் பக்குவத்தை மறந்திருக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு துண்டு பிடித்து வைத்தார். பீமராவ் முதல் துண்டைத் தின்றார். பிறகு வரிசையாக இன்னும் எட்டு தின்றார். மிச்சம் மூன்றைக் கவுன்ட்டர்காரர் தின்றார். அவர் பெயர் தோம்பா, மணிப்பூர்க்காரர், வயது நாற்பது இருக்கும்.

"இதாண்ணே சுஷி" என்றார் பீமராவ். "நாளைக்கே வந்துடுங்க. அங்க எந்தக் கவுன்ட்டர்ல நின்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். போட்டோ இருக்கவே இருக்கிறது. ஆனால் அவ்வளவு நல்ல சோற்றைச் செய்துவிட்டு அதன் முன்னால் பொய் சொல்ல கிளமென்ட்டுக்கு வாய் வரவில்லை. "கவுன்ட்டர்ல நின்னதில்ல சார். உள்ளதான். ஆனா இப்ப நிக்க முடியும்" என்றார்.

பீமராவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்ப உள்ள வேலை உங்களுக்குப் பழக்கம்தான். நல்லதாப் போச்சு. கவுன்ட்டர்ல தோம்பாவே இருக்கட்டும்ணே. வர்றவங்க ஒரு ஜப்பான் முகத்தை எதிர்பார்க்கிறாங்க."

"அவர் மணிப்பூருங்க."

"அது நமக்குத் தெரியும்" என்றார் பீமராவ்.

கிளமென்ட் வேலையில் சேர்ந்தார். ஏன் என்று இருதயமேரி கேட்கவில்லை. கல்யாண மண்டபத்து அடுப்பைவிட ஏசி அறை நல்லது என்றுதான் நினைத்தாள். பிரான்சி மட்டும் அப்பா சுஷி செஃப் ஆகிவிட்டார் என்று ஆபீசில் எல்லாருக்கும் சொன்னாள். உள்ளே நிற்கிற விஷயத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை.

சமையலறைக்கும் கவுன்ட்டருக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அவர் சோறு பிடித்து, மீன் வெட்டி, தட்டை அதன் வழியாகத் தள்ளுவார். தோம்பா வாங்கி, மேலே ஒரு இலையை வைத்து, குனிந்து வணங்கிக் கொடுப்பார். கடையில் கூட்டம் ஏறியது. செஃப்பின் கை அசல் ஜப்பான் கை என்று வந்தவர்கள் போனில் எழுதினார்கள். கண்டோன்மென்ட்டிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வாராவாரம் வந்து தோம்பாவிடம் ஜப்பான் பாஷையில் நன்றி சொல்லிவிட்டுப் போனது.

ஒருநாள் மதியம் இருவரும் சாம்பார் சாதம் தின்றுகொண்டிருந்தபோது, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கிளமென்ட் கேட்டார். தோம்பா சிரித்தார். சென்னையில் ஒரு கடையில் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்தாராம். பீமராவ் சாப்பிட வந்தவர், முகத்தைப் பார்த்துக் கூட்டிவந்துவிட்டாராம். "நீங்க செஞ்சு குடுத்த அன்னிக்குத்தான் அண்ணா, இது இவ்வளவு நல்லா இருக்கும்னே எனக்குத் தெரியும்" என்றார் உடைந்த தமிழில். அவர்மேல் கோபப்பட கிளமென்ட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிரான்சி சொல்லாமல் கொள்ளாமல் ஆபீஸ் தோழிகள் நாலு பேரோடு வந்துவிட்டாள். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். கவுன்ட்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். கிளமென்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகளின் கண் கவுன்ட்டரில் தேடியது. பிறகு ஜன்னலுக்கு வந்தது. தலையில் பிளாஸ்டிக் வலை, இடுப்பில் ஈர ஏப்ரன், கையில் சோறு. அவள் பார்த்துவிட்டாள்.

"உங்கப்பா எங்கடி?" என்று ஒரு தோழி கேட்டாள்.

தோம்பாவின் கை நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, இதோ உள்ளே என்று சொல்ல வாயெடுத்தார்.

"அப்பாவுக்கு இன்னிக்கு லீவு" என்றாள் பிரான்சி.

கிளமென்ட் ஐந்து தட்டுகளுக்கும் சோறு பிடித்தார். ஒன்றும் உதிரவில்லை, ஒன்றும் இறுகவில்லை. தோழிகள் புகழ்ந்து தின்றார்கள்; போகும்போது தோம்பாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிரான்சியும் அதில் நின்றாள்.

அன்று வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவளைத் திட்ட அவருக்கு உரிமை இருந்தது, நியாயம் இல்லை. கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றது யார்? மறுநாளிலிருந்து கிளமென்ட் கடைக்குப் போகவில்லை. ஏன் என்று இருதயமேரி கேட்டதற்கு இடுப்பு வலி என்றார்.

பீமராவ் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை செய்யவில்லை. சோறு மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கும், கூட்டம் ஒரு மாதத்தில் கலைந்துவிடும், ஆள் அனுப்பிக் கூப்பிடுவார் என்று கிளமென்ட் உள்ளுக்குள் காத்திருந்தார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒருநாள் பிரான்சியிடம், அந்தக் கடையைப் பற்றிப் போனில் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டச் சொன்னார். அவள் தலைநிமிராமல் படித்தாள். சோறு அருமை, அசல் ஜப்பான் ருசி, திருச்சியில் இப்படி ஒரு கடையா. எல்லாம் போன வாரம் எழுதியவை. நட்சத்திரம் ஒன்றுகூடக் குறைந்திருக்கவில்லை. டாக்டர் குடும்பமும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

"உண்மையிலயே அவங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?" என்று இருதயமேரி கேட்டாள்.

கிளமென்ட் எழுந்தார். சட்டையை மாட்டினார். மறுநாள் திருவானைக்காவலில் ஒரு கல்யாணம். எண்ணூறு பேருக்கு அரிசி களைய ராத்திரியே ஆள் வேண்டும் என்று பழைய கல்யாணச் சமையல்காரர் சொல்லியிருந்தார்.