மஞ்சள் பலகைக்கு அந்தப் பக்கம்

மாமா பொய் சொல்கிறார் என்று பத்து வயதில் நான் கண்டுபிடித்தேன். அதை எட்டுப் பேருக்கு முன்னால் கத்தியும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் பின்பகுதி. ஜெர்மனியின் தெற்கே மலைப்பக்கத்தில் இருந்தோம். அகதியாக வந்த அப்பாவுக்குத் தங்கியிருக்க விசா கிடைத்திருந்தது. அம்மாவின் தம்பியான மாமாவுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவருக்கு ஒரு கடதாசி கொடுத்திருந்தார்கள். பக்கத்து மாவட்டத்துத் தமிழ்க்கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போய் ஒருமுறை பிடிபட்டார். அடுத்த முறை வழக்கு என்றார்கள். மிளகாய்த்தூளுக்கு வழக்கு. எந்த மடையன் எழுதிய சட்டமோ.

மாமா ஒரு விடுதியில் கோப்பை கழுவினார். குளிர்காலத்தில் அங்கே வந்து தங்குகிறவர்களுக்குப் பனிச்சப்பாத்து மாட்டி, விடுதிக்காரி மலைக்குக் கூட்டிப்போவாள். அந்தச் சப்பாத்து, அரிசி புடைக்கிற சுளகைக் காலில் கட்டியது போல் இருக்கும். போட்டால் பனியில் கால் புதையாது. அவளுக்கு முழங்கால் நோவு. அதனால் சூப் வாளியை முதுகில் சுமந்துகொண்டு மாமாதான் முன்னால் போய்ப் பனியை மிதித்துப் பாதை போடுவார். இருபத்தைந்து வயது வரை ஐஸ்பெட்டிக்கு வெளியே பனிக்கட்டி கண்டிராத மனிதர். அவர் கால் வைத்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் கால் வைத்து வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

நாங்கள் போகவிருந்த உச்சிக் குடிலுக்குக் கால்மணி நேரம் இருக்கையில் ஒரு மஞ்சள் பலகை வந்தது. மாவட்ட எல்லை. மாமா நின்று வாளியை இறக்கி விடுதிக்காரியிடம் கொடுத்தார்.

"வாங்கோ மாமா, கேக் இருக்காம்."

"கால் ஏலாது பிள்ளை. நீ அவையோட போ. நான் இதில நிக்கிறன்."

கடதாசி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். மரமும் பனியும் மட்டும் இருக்கிற இடத்திலும் அது செல்லும் என்று எனக்குத் தெரியாது. வெயில் நாட்டுக்காரன் களைத்துவிட்டான் என்று ஒருவன் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கேக் தின்று இறங்கும்போது பனிப்புகார் மூடிக் கண் தெரியாமல் போயிற்று. காற்று எங்கள் தடத்தை அழித்துவிட்டது. விடுதிக்காரி நின்றாள். ஒரு பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போது கீழேயிருந்து டக், டக் என்று கேட்டது.

"அது அவன்தான்" என்றாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

மாமா பனிச்சப்பாத்துகளைக் கழற்றி ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு பலகைக்குக் கீழே, தன் மாவட்டப் பக்கத்தில் நின்றார். தொடை வரை நனைந்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், நாங்கள் வந்த திசையில், ஆழமான குழிகள் இருபது முப்பது. வெறும் சப்பாத்தோடு புதைந்து புதைந்து மேலே வந்து, திரும்பிப் போயிருக்கிறார்.

"கால் ஏலாது எண்டு பொய் சொன்னவர்! இஞ்ச பாருங்கோ, மேல வந்திருக்கிறார்!" என்று தமிழில் கத்திவிட்டு, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனிலும் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"வாயை மூடு பிள்ளை" என்றார் மாமா, மெதுவாக. அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

விடுதிக்காரி குழிகளைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு அந்த நோவு முழங்காலோடு திரும்பி மேலே ஏறி, குழிகளின் மேல் நின்று மிதிக்கத் தொடங்கினாள்.

"எல்லாரும் வாருங்கள். மிதித்தால் உடம்பு சூடாகும்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையாகப் போய் மிதித்தார்கள். அந்த மனுசியைப் போல் ஒருத்தியை நான் பிறகு எந்த அலுவலகத்திலும் காணவில்லை.

நானும் ஓடிப்போய் மிதித்தேன். நல்ல விளையாட்டு என்று நினைத்தேன். எல்லாரையும்விட அதிகம் குதித்தது நான்தான். என்னைத் தேடி மாமா வந்த தடத்தை, ஒன்றும் விளங்காமல், சிரித்துச் சிரித்து அழித்துக்கொண்டிருந்தேன்.