என் தளத்தில் இவ்வளவு கூட்டம் ஏன்?

புத்தக விமர்சனம் எழுத இலவச ஹோஸ்டிங்கில் ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறேன். தினமும் நான்கைந்து பேர் வருவார்கள். அதில் இருவர் என் தோழிகள்.

இன்று பள்ளி விட்டு வந்து பார்த்தால் ஒரு மின்னஞ்சல்: "உங்கள் தளம் சர்வரை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறது. தொடர்ந்தால் நிறுத்தப்படும்."

யார் இத்தனை பேர்? தேடிப் பார்த்தேன். எல்லோரும் திறந்தது ஒரே பக்கம். செய்தித்தாளைப் பார்த்துப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை அப்பாவுக்காக நான் தினமும் மாலையில் எழுதிவைக்கும் பக்கம்!

"நாந்தேன் விவசாயிக வாட்ஸ்அப் குரூப்புல லிங்க்கைப் போட்டேன்த்தா" என்றார் அப்பா. முதல் போகத்துக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே காத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வயல் மாமா சலித்துக்கொண்டார். "காலையிலருந்து அமுக்கிக்கிட்டே இருக்கேன், ஒரு புள்ளி ஏறலையே. அணையில ஆளுக தூங்குறாகளா?"

"மாமா, அந்த ஆளு நாந்தேன். பள்ளிக்கூடம் போயிருந்தேன்!"

'மாலை ஆறு மணிக்குத்தான் மாறும்' என்று அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிவைத்தேன். எல்லோரும் சரியாக ஆறு மணிக்கு வந்தார்கள். தளம் அப்படியே படுத்துவிட்டது.

இப்போது மாமா போனில் கேட்கிறார்: "ஏத்தா, பக்கமே தெரியலையே. அணைக்கு என்னமும் ஆயிருச்சா?"

நண்பர்களே, இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?