தேவசேனா சொன்ன ஒரே பொய்

தேவசேனாவுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாகவேண்டிய இடத்தில்கூட வராது. நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், சேலையில் இழை விட்டுப்போனதை முதலாளி பார்ப்பதற்கு முன்பே, "நான்தாங்க, கண்ணு அசந்துட்டேன்" என்று போய் நிற்பாள். கூட வேலை செய்த பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் சொன்னது ஒரே ஒரு பொய். ஊர் உலகமே நல்லதென்று ஒப்புக்கொள்ளும் பொய்தான் அது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவள் புருஷன் செங்கல்வராயன் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். திருப்பதியில் முகூர்த்த நாளென்றால் அவன் தரையில் நிற்கமாட்டான். சம்பாதித்ததைக் குடித்தான், குடித்துவிட்டு ஒருநாள் லாரிக்கு அடியில் போய்விட்டான். மிஞ்சியது கல்யாணி என்கிற வெள்ளைப் பெண்குதிரை. விற்றுத் தொலை என்று சொந்தமெல்லாம் சொன்னது. "அது இன்னா பாவம் பண்ணிச்சு? அவர் குடிச்சாரு, அதுவா குடிச்சிது?" என்று கேட்டுவிட்டு இவளே தீனி போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரேகா மேடம் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். மனசு முறிந்துபோன, வீட்டுக்கும் பள்ளிக்கும் அடங்காத வயசுப் பிள்ளைகளுக்குக் குதிரையை வைத்து வைத்தியம் பார்க்கிறவள். ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பை ஒட்டி லாயமும் வேலியும் போட்டிருந்தாள். பேண்டு சத்தத்துக்கும் பட்டாசுக்கும் அசையாமல் நின்று பழகிய குதிரை அவளுக்கு வேண்டியிருந்தது. கல்யாணியோடு தேவசேனாவும் அங்கேயே குடிவந்தாள்.

குதிரை என்ன வைத்தியம் பார்க்கும் என்று கேட்கலாம். தேவசேனாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான். ஏறிச் சவாரி போவதெல்லாம் அப்புறம். முதலில் பிள்ளை வேலிக்குள் போய் நிற்கவேண்டும். கையை முறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் கல்யாணி விலகிப் போய்விடும். மூச்சு நிதானப்பட்டால் தானாகக் கிட்டே வரும். வையாது, புத்தி சொல்லாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது. பெற்றவர்களுக்குக் கைவராத வித்தை அது. ரேகா மேடம் அங்கே ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். குதிரை பொய் காட்டாது, அதனால் இங்கே மனுஷர்களும் பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. தேவசேனாவுக்கு அது சட்டமாகவே தெரியவில்லை.

ஸுப்ரஜா வந்தது ஜூலையில். பதினைந்து வயசு. அப்பா பாஷ்யம் திருமலையில் மடைப்பள்ளிக் கைங்கரியம் செய்கிறவர். அதற்கு முந்தின ஏப்ரலில் அந்தப் பெண் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா பத்மாசனி வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பரீட்சை முடியட்டும் என்று குடும்பமே கூடி மறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பாஷ்யம் தினமும் போன் பண்ணி, "அம்மா இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்ட்டா" என்று சொன்னார். பதினோரு நாள் சொன்னார். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த பெண் வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எரித்ததும் முடிந்திருந்தது, அஸ்தி கரைத்ததும் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. தட்டை எறிந்தாள். ஆறுதல் சொல்லவந்த அத்தையின் கையைக் கடித்தாள். வகுப்பில் டீச்சர் மேல் காம்பஸ் பெட்டியை வீசினாள். பிடிவாதம், திமிர், கிரகம் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஐந்து சனிக்கிழமை வேலிக்குள் கல்யாணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆறாவது சனிக்கிழமை, "இது கடிக்குமா?" என்று கேட்டாள்.

"அடிச்சா கடிக்கும்" என்றாள் தேவசேனா. "ஒருவாட்டி என்னையே கடிச்சிது. தோ பாரு."

ஸுப்ரஜா அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்காத்துக்காரர் எங்கே?"

"குடிச்சிட்டு லாரில அடிபட்டு செத்துட்டாரு."

அம்மாவைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பெருமாள் திருவடிக்குப் போய்விட்டாள், நல்ல இடத்தில் இருக்கிறாள் என்றே கேட்டுப் புளித்துப்போன பெண்ணுக்கு, செத்துட்டாரு என்கிற சொல் தண்ணீர் குடித்த மாதிரி இருந்திருக்கவேண்டும். அன்றைக்கே பிரஷை வாங்கிக் கல்யாணிக்குத் தேய்த்துவிட்டாள். பின்னால் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசினாள். தேவசேனா அந்தப் பக்கம் போகமாட்டாள். தீபாவளிக்கெல்லாம் பாஷ்யம் வந்து, "இன்னிக்கு 'அப்பா, காபி'ன்னாம்மா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவசேனாவுக்கும் அழுகை வந்தது. பிள்ளை இல்லாதவள், பெற்றவளைவிட அதிகமாக ஆசை வைத்துவிட்டாள்.

மார்ச் மாதம், பத்தாவது பரீட்சை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணி தரையில் விழுந்து புரண்டது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து இரண்டு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, "லாபம் லேதம்மா" என்று கையை விரித்துவிட்டு எழுந்துகொண்டார். மத்தியானம் ஒரு மணிக்கு அதன் தலை தேவசேனாவின் மடியிலேயே கனத்துப்போயிற்று. சாயங்காலம் ஜேசிபி வைத்துத் தோப்புக்குப் பின்னால் புதைத்தார்கள்.

ரேகா மேடம் பெங்களூரில் இருந்தாள். "நாளைக்கு ஸுப்ரஜா வந்ததும் உண்மையைச் சொல்லிடுங்க. நான் வீடியோ கால்ல கூட இருக்கேன்" என்றாள். தேவசேனாவும் சரி என்றாள். ஆனால் விஷயம் பாஷ்யத்துக்கு எட்டி, மறுநாள் விடிந்ததும் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் வந்து நின்றார்.

"பரீட்சை முடியட்டும்மா" என்றார்.

"சாமி, போன வாட்டியும் நீங்க இதான சொன்னீங்க."

"தப்புதான். இல்லேங்கலை. ஆனா இப்பதான் புஸ்தகத்தைத் தொடறா. இப்பச் சொன்னா ஹாலுக்கே போகமாட்டா. தாயில்லாப் பொண்ணு, படிப்பும் போயிடுத்துன்னா நான் என்ன பண்ணுவேன்?" அத்தனை பெரிய மனுஷர், மண்ணும் சாணியும் கிடக்கிற இடத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றார். "உங்க வார்த்தையைத்தான் நம்புவா."

நம்புவாள் என்பதுதான் வினை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பொய் சொல்லி ஒரு பரீட்சை எழுதவைக்கக்கூடாதா என்று தேவசேனா தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். பத்து மணிக்கு ஸுப்ரஜாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கல்யாணியை ஒரு நிமிஷம் வீடியோல காட்டுங்கோ."

"கல்யாணி மலைக்குப் போயிக்கிது கண்ணு. சாமி புறப்பாட்டுக்கு முன்னாடி நடக்கறதுக்கு கேட்டாங்க. நீ பரீட்சை முடிச்சிட்டு வா, வந்துடும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் நம்பியிருக்கமாட்டாள். தேவசேனா சொன்னதால் சந்தோஷமாகப் போனை வைத்தாள். ரேகா மேடத்திடம் தேவசேனாவே உடனே ஒப்புக்கொண்டாள். மேடம் திட்டவில்லை. "சீக்கிரம் சரி பண்ணிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். தேவசேனா தினமும் போனைக் கையில் எடுப்பாள், இன்றைக்குக் கணக்கு, நாளைக்கு சயின்ஸ் என்று வைத்துவிடுவாள். மேலே பாஷ்யமோ பொய்க்குச் சோறூட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம், "கல்யாணிக்கு இன்னிக்கு வெல்லம் குடுத்தேன், நன்னா சாப்ட்டுது" என்று பெண்ணிடம் சொல்லிவந்தார்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானமே அப்பாவும் பெண்ணும் காரில் வந்து இறங்கினார்கள். ஸுப்ரஜா கையில் ஒரு பை நிறையக் கேரட். லாயத்துக்கு ஓடினாள். நின்றாள். கல்யாணி கட்டியிருந்த இடத்தில் ரேகா மேடம் புதிதாக வாங்கிய செவலைக் குதிரை நின்றது.

"செத்துப்போச்சு கண்ணு" என்றாள் தேவசேனா. "நான் சொன்னது பொய்."

"எப்போ?"

"பதினேழு நாளாச்சு."

"அம்மாக்குப் பதினோரு நாள்" என்றாள் ஸுப்ரஜா. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "வெல்லம் குடுத்தேன்னேளே."

பாஷ்யம் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு பறக்கும், கடிப்பாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று தேவசேனா காத்திருந்தாள். தன்னை நாலு அடி அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். பை இல்லாத கையின் விரல்கள் தளர்ந்தே தொங்கின.

"எங்கே புதைச்சேள்? காட்டுங்கோ."

தோப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மண்மேடு வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. "மடியில வெச்சிக்கினு இருந்தேன் கண்ணு, கடைசி வரைக்கும் வுடல" என்றாள் தேவசேனா. அது உண்மை. ஸுப்ரஜா மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.

"அக்கா, இதுக்குள்ள கல்யாணிதான் இருக்குன்னு நான் எப்படி நம்பறது?"

தேவசேனா வாயைத் திறந்தாள். சத்தியம் பண்ணலாம். ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். ஆனால் அவள் எதைச் சொன்னாலும் நிஜமாத்தான் என்று சொன்ன அதே வாயிலிருந்துதான் வரவேண்டும்.

ஸுப்ரஜா கேரட் பையை அவள் கையில் கொடுத்தாள். "அந்தக் குதிரைக்குப் போட்டுடுங்கோ. தேங்க்ஸ்கா. நான் இனிமே வரலை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காரில் போய் ஏறிக்கொண்டாள்.

பின்னாலேயே வந்திருந்த பாஷ்யம் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பாத்தேளா, சமத்தா எடுத்துண்டுட்டா" என்றார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தேவசேனா அந்த மண்மேட்டின் மேலேயே உட்கார்ந்து, புருஷன் செத்த அன்றைக்கும் அழாத அழுகையை அழுதாள்.