ஆபேலின் பெயரைச் சொன்ன ஏரியல்

ஆம்பூரில் விமான நிலையம் கிடையாது. கட்டித் தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுத்ததும் இல்லை; தேர்தலில் நிற்பவர்களுக்கே அந்த அளவுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியிருந்தும் 2003 ஆம் ஆண்டு முதல் ஊருக்கு மேலே போகிற விமானங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, பாய்லர் ஆபரேட்டர் ஆபேல் ஏற்றுக்கொண்டார்.

ஆபேலுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. ஊருக்கு வெளியே இருந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக பாய்லர் பார்த்தவர். மனைவி டோரதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடன் இல்லை, சர்க்கரை இல்லை, கெட்ட சகவாசம் இல்லை. இப்படிப்பட்ட மனிதர்களைத்தான் விதி தேடிப் பிடிக்கும்.

விதி இந்த முறை ஷாப் சூப்பர்வைசர் மக்பூல் அகமதுவின் மச்சான் வடிவில் துபாயிலிருந்து வந்தது. கார்ட்லெஸ் போன் என்று நினைத்து அவர் வாங்கிவந்த கருவி, விமானிகள் பேசுவதைக் கேட்கும் ரிசீவராக இருந்தது.

"போன் இல்ல ஆபேல், ஒரே பேஜாரு. யாரோ பேசறான். நாம பேசினா காதுலயே வாங்க மாட்றான்," என்று மக்பூல் அதை நீட்டினார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் பாய். குடுங்க, பழக்கப்பட்டவன் நான்."

மறு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஆபேல் மாடிக்கு ஏறினார். இரண்டடி நீள அலுமினியக் கம்பி ஐந்து. ஒன்று நட்டமாக வானத்தைப் பார்க்க, மற்ற நாலும் சரிந்து நாலு திக்கையும் பார்க்க, இரும்புக் குழாயின் உச்சியில் ஏரியல் நின்றது. துணி பிய்ந்துபோன குடையைப் பிடித்துக்கொண்டு யாரோ மாடியில் நிற்கிற மாதிரி இருக்கும். தெருவில் ஒரு குழந்தை அதைப் பார்த்து அழுதது. பெரியவர்கள் அழவில்லையே தவிர, அந்தப் பக்கம் போகும்போது நடையைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

கம்பியிலிருந்து ரிசீவர் வரைக்கும் கேபிள் டிவி ஒயர். கிடைத்தது இரண்டு துண்டு. மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இரண்டையும் சேர்த்து முறுக்கினார். இந்த இடத்தில்தான், வேறு எந்த ஊர்க்காரனும் செய்யாத காரியத்தை அவர் செய்தார். முறுக்கின இடத்தின்மேல் நல்ல வழவழப்பான மாட்டுத்தோல் துண்டு ஒன்றைச் சுற்றி, ஷூ ஒட்டும் பசையால் ஒட்டினார்.

"டேப் சுத்துய்யா," என்றார் மக்பூல்.

"நம்ம ஊரு தோல் பாய். வெள்ளைக்காரன் இதைக் கால்ல மாட்டிக்கினு பனியில நடக்கிறான். நம்ம மழைக்குத் தாங்காதா?"

ஊர்ப்பற்று என்பது இதுதான். தோல் தண்ணீர் விடாது என்பது மாட்டின்மேல் இருக்கிற வரைக்கும்தான் என்று சொல்ல வேண்டியவர் மாடு. அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஒரு மாதம் எல்லாம் சிறப்பாக நடந்தது. காலை ஐந்தரைக்கு ஆபேல் கீழே அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே பறப்பவர்கள் பேசுவார்கள். இறங்கட்டுமா, ஏறட்டுமா, திரும்பட்டுமா என்று மேலே இருப்பவன் கேட்பது துல்லியமாக விழும். தரையிலிருந்து வரும் பதில் மட்டும் நூற்றுச் சொச்சம் மைல் தாண்டி ஆம்பூருக்கு வந்து சேராது. கேள்வி கேட்கும், பிறகு இரைச்சல், பிறகு, கேள்வி கேட்டவன் யாருக்கோ "சரி" என்பான். ஆபேலுக்கு அந்த நடு இரைச்சல்தான் பிடித்திருந்தது. அதற்குள் யாரோ இருக்கிறார் என்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தோல் நனைந்து ஊறியது. விமானங்கள் கம்மியாகிக்கொண்டே போய், எங்கோ கிணற்றுக்குள் பறப்பது போல ஆயின. அவை விட்டுப்போன இடத்தில் ஒரு காலை, சரியாக ஆறு மணிக்கு, வேறொன்று பேசியது.

ஆணா பெண்ணா தெரியவில்லை. வாயை ஈரத்துணியால் மூடிக்கொண்டு பேசுகிற குரல். வார்த்தைகள் எல்லாம் கரைந்துவிட, பெயர்கள் மட்டும் கரையாமல் வந்தன.

"...ஜெயசீலன்... ஜெயசீலன்..."

நாலாம் நாள் மார்க்கெட் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெயசீலன் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ஆபேல் தற்செயல் என்று முடிவு செய்தார். படித்த மனிதன் அப்படித்தான் முடிவு செய்வான்.

அடுத்த வாரம் குரல் "கோவிந்தம்மாள்" என்றது. மூன்றாம் நாள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் கோவிந்தம்மாளின் கூடை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அதற்கடுத்த வாரம் "தனகோடி". தனகோடி அதே ஷாப்பில் தோல் ஊறும் டிரம் பார்த்தவன், காமாலையில் படுத்திருந்தான். இரண்டே நாள்.

ஆபேலுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு, மூன்று, இரண்டு. மேலிருப்பவர்களின் நிர்வாகம் வேகம் பிடித்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள் டோரதி. "அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கினு செவுத்தையே பாக்குற."

"சாவப்போறவங்க பேரைச் சொல்லுது."

"அடுத்து ஆரு?"

"இன்னும் சொல்லல."

டோரதி சரி சரி என்று தலையாட்டினாள். பைத்தியத்தைக் கண்டால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணி. இரைச்சல் ஒரு மூச்சை இழுத்தது போல அடங்கியது.

"...ஆபேல்... ஆபேல்..."

அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தார். மேசைமேலிருந்தும் அது அவரைக் கூப்பிட்டது.

கணக்குப்படி ஒரு நாள்தான் இருந்தது. பொறுப்புள்ள ஊழியர் என்பதால் அன்று ஷாப்புக்குப் போனார். பாய்லரின் எந்த வால்வ் எப்போது அடம்பிடிக்கும் என்று ஒரு தாளில் எழுதி மக்பூலிடம் கொடுத்தார். "லீவா?" என்றார் மக்பூல். "ஜாஸ்தி நாள் இருக்கும் பாய்," என்றார் ஆபேல். வீட்டுக்கு வந்து, சவப்பெட்டியில் வைக்கும்போது ஊர்க்காரன் மானம் போகக்கூடாதென்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

செவ்வாய் விடிந்தது. இன்னும் உயிர் இருந்தது. செத்த வீட்டு மாடியில் அந்தக் கம்பி நிற்கக்கூடாது, துக்கத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்று தோன்றவே, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ரிசீவரை இடுப்பில் செருகி, ஒயரை அவிழ்க்க மேலே போனார். ஆறு மணிக்கு அவர் மாடியில் நின்றது அதுதான் முதல் தடவை.

இடுப்பிலிருந்து ஈரத்துணிக் குரல் "ஆபேல்" என்றது. அதே நொடியில் கீழேயிருந்து, இரண்டு வீடு தள்ளி இருந்த தகரக் கொட்டகையிலிருந்து, ஒரு கிழவியின் குரலும் "ஆபேல்" என்றது.

கொட்டகை ஃபீபி டீச்சரின் ஜெபக்கூடம். ரிட்டையர் ஆன பிறகு, தினம் காலையில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வியாதியஸ்தர்களின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். எந்த மதத்துக்காரர் பெயர் கொடுத்தாலும் நோட்டில் ஏறும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டு ரேடியோவிலேயே கேட்கட்டும் என்று, கையடக்கமான மலிவு விலை எஃப்.எம். மைக் ஒன்றில் பேசுவார். ஆபேல் கொட்டகை வாசலில் மூச்சிரைக்க நின்று அந்த மைக்கைப் பார்த்தார்.

"என்னப்பா ஆபேல், பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

"டீச்சர், என் பேரு எப்படி...?"

ஃபீபி டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஜெயசீலன், இதயம். கோவிந்தம்மாள், சிறுநீரகம். தனகோடி, கல்லீரல். கடைசியில்: ஆபேல், மண்டை. கொடுத்தவர்: டோரதி.

உண்மை நிலவரம் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. மைக்குக்குள் இருந்த சின்னத் திருகு தளர்ந்து, அதன் அலை ரேடியோவை விட்டு மேலேறி, விமானிகள் பேசும் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. தோல் ஊறின முறுக்கில் ஒயர் அரித்துப்போய், வானத்தைக் கேட்க வேண்டியது பக்கத்து வீட்டைக் கேட்டது. நாலு வாரமாக வியாதியஸ்தர்களின் ரேடியோவில் வெறும் இரைச்சல். அவர்கள் அதற்கும் ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

ஆபேல் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மைக்கைச் சரிசெய்து தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். டோரதியிடம், "மண்டைன்னா எழுதிக் குடுத்த?" என்றார்.

"நெஞ்சுன்னா குடுக்கச் சொல்ற? அது நல்லாத்தானே கீது."

அன்று மாலையே தோலை அறுத்தெறிந்து, புது ஒயரை ஒரே துண்டாக இழுத்தார். மைக்கின் திருகை இறுக்கினார். பேட்டரியை வெளியே எடுத்து, மைக்குக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்.

புதன் காலை வானம் மழைக்குப்பின் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விமானங்கள் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டன. இறங்கட்டுமா என்றான் ஒருவன். இரைச்சல். சரி என்றான். ஆபேலுக்கு நாலு வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

மணி ஆறு. கொட்டகையில் கூட்டம் இல்லை. மைக் இல்லாததால் ஃபீபி டீச்சர் அன்று வரச்சொல்லவில்லை. வேறொருவன், திரும்பட்டுமா என்றான். பதில் வரவேண்டிய அந்த நடு இரைச்சலில், மேசைமேல் பேட்டரி தனியாகவும் மைக் தனியாகவும் கிடக்க, ஈரத்துணிக் குரல் அவசரமே இல்லாமல் சொன்னது:

"ஆபேல்."

பிறகு அந்த விமானி "சரி" என்றான்.

ஏழு மணிக்கு ஆபேல் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நல்லாயிட்டியே, உன் பேரை அடிச்சுடறேன்," என்று ஃபீபி டீச்சர் பேனாவைத் திறந்தார்.

ஆபேல் நோட்டின்மேல் கையை வைத்தார். "வேணாம் டீச்சர். இருக்கட்டும். தெனமும் சொல்லுங்க. அந்தப் பக்கமும் சொல்றாங்க... நம்ம பக்கம் கம்மியாயிடக் கூடாது."

ஃபீபி டீச்சருக்கு இது புரியவில்லை. ஆனால் மண்டை என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. ஆபேல் இன்னும் பாய்லர் பார்க்கிறார். பிய்ந்த குடை இன்னும் மாடியில் நிற்கிறது. எடுத்துப் போடு என்று டோரதி சொல்வதை நிறுத்தி நாளாயிற்று. ஆறு மணிக்கு அவர் ஒரு காதில் ஹெட்போனை வைத்து, இன்னொரு காதைத் தகரக் கொட்டகைப் பக்கம் திருப்பி உட்காருகிறார். இரண்டு பக்கமும் பெயர் சொல்லி முடிந்த பிறகுதான் காபி குடிக்கிறார். போன மழையில் ஃபீபி டீச்சருக்குத் தொண்டை கட்டி, இரண்டு நாள் ஜெபம் நின்றது. அந்த இரண்டு நாளும் ஆபேல் கொட்டகைக்குப் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தன் பெயரைத் தானே மைக்கில் சொல்லிவிட்டு வந்தார்.