உருளைக்கு முன்னால் ஒரு பலகை

தீர்ப்புச் செய்தி அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விளக்குக்கு எண்ணெய் கிடைக்காத வருஷம் அது, 1943. மலாயாவில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசலில், செல்லாயி மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அக்கா இராசாத்தி காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

இராசாத்தியின் வழக்கை நடத்தும் வக்கீலிடம் எழுத்து வேலை பார்க்கும் ஜெரார்ட், அலோர் ஸ்டாரிலிருந்து ரயிலில் பாதி வழியும் சைக்கிளில் மீதி வழியுமாக வந்திருந்தான். டயருக்குப் பதிலாகக் கயிறு சுற்றிய சைக்கிள். அதன் கடகட சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இராசாத்தி குரல் கொடுத்தாள்.

"யாரு, ஜெரார்ட் தம்பியா? ரப்பர் தோட்டத்துக்கே கயித்துல உருண்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

ஜெரார்டுக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லாயியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான். "வழக்கு தள்ளுபடி ஆயிருச்சுக்கா."

இராசாத்தி சிறுமியாக இருந்தபோது தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவள். செல்லாயி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் இருவரும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபின், தங்கையைத் தூக்கி வளர்த்தது இராசாத்திதான். புல்வெட்டுக் கூட்டத்தில் வேலை செய்தாள். பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தவள், தனக்கு ஏனோ செய்துகொள்ளவில்லை.

இராசாத்தியின் கை போனது ஜப்பான் சண்டை வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. செல்லாயிக்கு ஸ்டோர் என்ற ரப்பர் கொட்டகையில் வேலை. உறைந்த ரப்பர் பாலை இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக இழுக்கும் மிசினில் நிற்பாள். அப்போது அவளுக்கு விடாத காய்ச்சல். காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது தொடர்ந்து பதில் இல்லையென்றால், கங்காணி அய்யாவு பெயரை வெட்டிவிடுவார். பெயர் போனால் லயத்து அறையும் போகும். அதனால் ஒருவர் படுத்துவிட்டால் வீட்டில் இன்னொருவர் அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு அந்த வேலைக்குப் போவது எல்லா லயத்திலும் நடப்பதுதான். கங்காணிக்கும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு "செல்லாயி" என்றதும், "வந்திருக்கேங்க" என்றது இராசாத்தி. பழக்கமில்லாத மிசின் அவள் வலது கையை மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டது.

உருளைகளுக்கு முன்னால் விரல் போகாதபடி ஓர் இரும்புத் தடுப்பு இருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்திருந்தார்கள். அலோர் ஸ்டாரில் இருந்த முதலாளி, பெண்பிள்ளையின் கவனக்குறைவு என்றார். தடுப்பைக் கழற்றியது யாருடைய கவனக்குறைவு என்று வக்கீல் வழக்குப் போட்டார். இராசாத்தி அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"கை போனது போச்சுங்க. தடுப்ப மாட்டணும்னு கோர்ட்டு சொன்னாப் போதும். நாளைக்கு அங்க நிக்கப்போறது என் தங்கச்சி."

சண்டை வந்தது, ஸ்டோரை மூடினார்கள். ஜப்பான்காரர்கள் வந்தபின் மறுபடி திறந்தபோது, செல்லாயியை அதே மிசினில் நிறுத்தினார்கள். தடுப்பு பழைய இரும்போடு லாரியில் போயிருந்தது. கோர்ட்டும் திறந்தது, வழக்கும் எழுந்தது. முதலாளியின் வக்கீல் சொன்ன பதில் எளிமையானது: அன்றைக்கு மிசினில் வேலை செல்லாயிக்கு, அவள் கை இரண்டும் நன்றாக இருக்கிறது. இந்தப் பெண் தானாக உள்ளே புகுந்து கையைக் கொடுத்திருக்கிறாள், அதற்கு முதலாளி பொறுப்பல்ல.

செல்லாயி கூண்டில் ஏறி, 'எனக்குக் காய்ச்சல், எனக்குப் பதிலாக வந்தாள், கங்காணிக்குத் தெரியும்' என்று சொன்னால் அந்தப் பதில் உடைந்துவிடும். சொல்லத்தான் இருந்தாள். விசாரணைக்கு முந்தின நாள் அய்யாவு லயத்துப் பக்கம் வந்தார்.

"கோர்ட்டுக்குப் போறவ போகட்டும். சயாமுல ரயில்பாதை போட ஜப்பான்காரன் எங்கிட்டத்தான் ஆள் கேக்குறான். ஒம் புருசன் முருகையா நல்ல ஒடம்புக்காரன்."

செல்லாயி அதை அக்காவிடம் சொன்னாள். "நீ வர வேணாம். யாருக்கும் சூசா வேணாம், தொந்தரவு வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றாள் இராசாத்தி. நடந்ததை அக்காவே சொல்லிவிடுவாள் என்று செல்லாயி நினைத்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அன்றைக்குச் சுகமாக இருந்தது.

விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு காலை, பெரட்டுக் களத்துக்கு லாரி வந்தது. யாரும் பெயர் கூப்பிடவில்லை. நின்றிருந்த ஆண்களில் வலுவானவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். முருகையாவும் போனான். கங்காணியின் தம்பியும் அதே லாரியில்தான் போனான்.

"ஜட்ஜு நேராவே கேட்டாருக்கா," என்றான் ஜெரார்ட். "தங்கச்சிக்குப் பதிலா யாராச்சும் உன்ன அனுப்பினாங்களான்னு. 'யாரும் அனுப்பலங்க, நானாத்தான் போனேன்'னு ஒங்க அக்கா சொல்லிருச்சு. வக்கீல் தலையில கைய வச்சுக்கிட்டாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

செல்லாயி கிழங்கை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"பொய்யா சொன்னேன்? நீயா என்னப் போகச் சொன்ன? நீதான் காய்ச்சல்ல ஒளறிக்கிட்டுக் கெடந்தியே."

"நீ மறைச்சும் அவரக் கொண்டு போயிட்டாங்களே."

"அப்பத் தெரியாதேடி."

பிறகு இராசாத்தி இடது கையை நீட்டி, சுவரோரம் இருந்த பலகையைக் காட்டினாள். பழைய கதவிலிருந்து அறுத்த கெட்டிப் பலகை. கோர்ட்டிலிருந்து திரும்பிய மறுநாளே அவள் தொடங்கிய வேலை அது. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, அடுப்பில் பழுக்கவைத்த கம்பியால் மூலையில் துளை போடுவாள். கம்பி ஆறிவிடும். மறுபடி காயவைப்பாள். "ஒத்தக் கையால மணை செஞ்சு யார உக்கார வைக்கப் போற?" என்று செல்லாயி கேட்டதற்கு, "மாப்பிள்ளையத்தான்" என்று சொல்லியிருந்தாள்.

"நான் முடிச்சதும் அத எடுத்துட்டுப் போயி உருளைக்கு முன்னால வச்சு, மிசின் கால்ல கம்பியால கட்டிக்க" என்றாள் இப்போது. "வெரலு போகாது. அளவெடுத்துத்தான் அறுத்தேன்."

"கங்காணி கேட்டா?"

"நானாத்தான் கட்டினேன்னு சொல்லு."

செல்லாயி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள்.

மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் இல்லை. ஜெரார்ட் அலோர் ஸ்டாரில் தேடிப்பார்த்தான், கிடைக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இராசாத்தி போய்விட்டாள். ஸ்டோரில் ஒருநாள் விடுப்புக் கொடுத்தார்கள். மறுநாள் பெரட்டில் "செல்லாயி" என்று கூப்பிட்டார்கள். அவள் குரல் கொடுத்துவிட்டு, பலகையில்லாமலே மிசினுக்குப் போனாள்.

பலகையை மிசினில் கட்ட நான்கு மூலையிலும் துளை வேண்டும். மூன்று துளைகள் மறுபக்கம் வரை போயிருந்தன. நான்காவது, பாதி ஆழத்தில் கருகி நின்றிருந்தது.