காப்போடு எல்லை தாண்டிய எங்கள் அக்கா

நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்ததும், “அன்பின் திருவுருவம், பொறுமையின் சிகரம் என்று தொடங்கு” என்று உறவினர்கள் சொன்னார்கள். அன்பு சரி. பொறுமை என்று எழுதினால் அக்காவே எழுந்து வந்து என் கையைத் தட்டிவிடுவார். அவருக்குக் கோபம் வரும். மனிதர்களிடம் மட்டுமல்ல, சாமியிடமும் வரும். அந்தக் கோபத்தோடேயே அவர் கடைசி வரை சாமி கும்பிட்டார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை உப்பளத்தில் மட்டும் பார்த்தவர்கள். ஆகையால் அவருடைய தங்கையாகிய நான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அக்கா மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் அளத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் அக்கா தன் வகுப்புக்கு ஓடுவார். எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. பலகை பிடித்து உப்பு வாரத் தொடங்கினார். என் படிப்பு நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்தான்.

அடுத்த தெருவிலேயே கல்யாணம் ஆனது. மாமா சாதுவான மனிதர். பேச்சையெல்லாம் அக்காவிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர். மஞ்சள் காமாலை முற்றி அவர் போனபோது ஒரே மகள் செல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், “உப்புப் பாத்திய யாருக்காவது விட்டுடும்மா, பொம்பளையால ஆவாது” என்று யோசனை சொன்னார்கள். காரியம் முடிந்த கையோடு அக்கா மாமாவின் பலகையை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனார். அந்தக் குத்தகைப் பாத்திகளை வைத்தே செல்வியை வளர்த்து, படிக்கவைத்து, புதுச்சேரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மருமகன் தங்கமான பையன்.

செல்விக்கு வெகு நாள் குழந்தை தங்கவில்லை. பிறகு உண்டானபோது அக்கா எங்கள் அம்மன் கோயிலில் தீமிதிக்கு வேண்டிக்கொண்டார். எங்கள் ஊர்த் திருவிழாவில் பெண்களும் நெருப்பில் இறங்குவார்கள். வேண்டிக்கொண்டவர்களுக்கு மஞ்சள் கட்டிய நூலைப் பூசாரி கையில் காப்பாகக் கட்டுவார். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிறப்புத் தீட்டு, சாவுத் தீட்டு எதுவும் படக் கூடாது. தாண்டினால் ஊருக்கே கெடுதல் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த ஆண்டு அக்காவுக்குக் காப்புக் கட்டிய பூசாரி வேறு யாருமில்லை, எங்கள் பெரியப்பாதான்.

திருவிழாவுக்காக நான் குடியிருக்கும் பிரம்மதேசத்திலிருந்து வந்திருந்தேன். அன்று காலை மருமகன் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். அக்கா போனை வீட்டில் வைத்துவிட்டு அளத்துக்குப் போய்விட்டார். அவர் எடுக்காததால் பெரியப்பாவுக்குச் செய்தார். மாதம் நிறைவதற்குள் செல்விக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்பது செய்தி. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க அக்காகிட்ட சொல்லாத. கையில காப்பு இருக்குது. மருமகன் கூட இருக்கான், டாக்டருங்க இருக்காங்க. இவ போயி இன்னா பண்ணப்போறா? காப்பு அவுத்ததும் சொல்லிக்கலாம்.”

பெரியப்பா கெட்டவர் அல்ல. எங்கள் ஊரில் காப்புக் கட்டியவர்களிடம் சாவுச் செய்தியைக்கூட மறைத்து வைப்பதுண்டு. அதை ஒரு நல்ல காரியமாகவே செய்வார்கள். ஆனால் மகள் உயிருக்குப் போராடும்போது தாயிடம் மறைப்பது எந்த ஊர் நியாயம்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அளத்துக்குப் போனேன்.

அக்கா பாத்தியில் நின்றிருந்தார். சொன்னேன். பலகையைக் கீழே போட்டார். அழவில்லை. வரப்பேறி வந்து, கால்கூடக் கழுவாமல் வண்டியில் உட்கார்ந்து, “போ” என்றார்.

கோயில் முனையில் பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

“ஏம்மா, இன்னா காரியம் பண்றே? எல்லை தாண்டினா ஊருக்கு ஆவாது.”

“பெரியப்பா, இந்தக் காப்பு கட்டினதே அவளுக்காகத்தான். அவளே இல்லன்னா நான் யாருக்காக நெருப்புல எறங்கறது? வழி விடுங்க.”

அவர் விட்டார். ஊர் எல்லைக் கல் வந்ததும் அக்கா என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இறங்கிக் குனிந்து, கல்லுக்கு ஊர்ப் பக்கமாக ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “இப்போ ஊரு என்கூடத்தான் வருது. நான் எங்க எல்லை தாண்டறேன்? ஓட்டு” என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை அவர் வாய் ஓயாமல் அம்மனோடு பேசிக்கொண்டே வந்தது. வேண்டுதல் போல இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்பது போல இருந்தது.

குழந்தை இறந்தே பிறந்தது. செல்வி கண் திறக்கவில்லை. டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உள்ளே விடும்போது நர்ஸ் அக்காவின் கையைப் பார்த்து, “அம்மா, அந்தக் கயிறைக் கழட்டிடுங்க” என்றார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று அக்கா விளக்கினார். அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கையுறை ஒன்றைக் கொண்டுவந்து காப்பு மறையும்படி மாட்டிவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வராந்தாவில் காத்திருந்த நாட்களில் ஒருமுறை நான் பொறுக்காமல், “இவ்ளோ கும்பிட்டியே, இன்னாக்கா ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன். “இன்னும் முடியலடி. முடிஞ்சப்புறம் கேளு” என்றார். எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். என்ன நடக்கும் என்று தெரியாதபோதும் அடுத்து செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பதுதான் அவருடைய பக்தி. எனக்கு அன்றுதான் அது புரிந்தது.

செல்வி கண் திறந்தாள். திறந்ததும் குழந்தையைக் கேட்டாள். இப்போது சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள் என்று நாங்கள் எல்லோரும் கண்ணைக் காட்டினோம். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னார். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அக்கா வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இதற்கிடையில் ஊரில் மழை பெய்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில், உப்பு நன்றாக விளைந்து வரும் நேரத்தில், ஒரு பெரிய மழை. பாத்திகளில் இருந்ததெல்லாம் கரைந்துபோனது. காப்போடு எல்லை தாண்டியதால்தான் என்று ஊரே பேசியது. பேசியவர்களில் சிலர் இந்த மலரையும் கையில் வைத்திருக்கிறீர்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வயிற்றுப் பிழைப்பு கரைந்துபோனால் யார் மேலாவது பழி போடத்தான் தோன்றும்.

தீமிதிக்கு முன்பே அக்கா திரும்பி வந்து நேராகக் கோயிலுக்குப் போனார். கூட்டம் கூடிவிட்டது. “என் பாத்தியிலயும்தான் கரைஞ்சுது. தப்பு என்னோடதுன்னா அம்மன் என்னோடத மட்டும் கரைச்சிருப்பா” என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, “ஊர கூடவேதான் எடுத்துட்டுப் போனேன்” என்று மண்ணைக் காட்டினார். பெரியப்பா அதைப் பார்த்து, “மண்ணு சரிம்மா. தீட்டுக்கு இன்னா சொல்றே?” என்றார். அக்கா கையை நீட்டினார். பெரியப்பா காப்பை அவிழ்த்தார்.

“காப்ப அவுத்துட்டீங்க பெரியப்பா. வேண்டுதல அவுக்க முடியாது. அடுத்த வருஷம் வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆண்டு அவரை நெருப்பில் இறங்க விடவில்லை.

மறுநாள் காலை அளத்தில் முதல் ஆளாக நின்றார். வரப்பை வெட்டி மழைத் தண்ணீரை வடித்தார். சேறாகிப்போன பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார். அது இடுப்பை ஒடிக்கும் வேலை. தரை கெட்டியானால்தான் மறுபடி உப்பு விளையும். பழி சொன்னவர்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்துப் பாத்திகளில் மிதிக்கத் தொடங்கினார்கள். வேறு வழி?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தாய் வீட்டில் இருந்த செல்விக்கு ஆத்திரம் தீரவில்லை. ஒரு நாள் அம்மாவிடம் வெடித்தாள். “நெருப்புல எறங்கறேன்னு வேண்டினியே, அவ உனக்கு இன்னா குடுத்தா?”

“உன்னைக் குடுத்தாளே.”

“என் புள்ள?”

“தெரியலடி. அதுக்கு எனக்கும் பதில் தெரியல. ஆனா அந்த வராந்தாவுல உங்களுக்கு எல்லாம் தைரியம் சொல்லிட்டு நான் உக்காந்திருந்தேனே, எனக்குன்னு பேசறதுக்கு அவ ஒருத்திதான் இருந்தா. அவளையும் விட்டுட்டா நான் யாரோட சண்டை போடறது?”

செல்வி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அக்கா ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு பெரியப்பாவிடமே போய் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டு நெருப்பில் இறங்கினார். கேட்டது முழுதாகக் கிடைக்காமலேயே வேண்டுதலைத் தீர்த்தார். செல்வி கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா வீடு திரும்பியபோது, அவர் பாதத்தில் பூச மஞ்சள் அரைத்து வைத்திருந்தாள்.

பிறகு செல்விக்குக் குழந்தை இல்லை. தையல் கடை வைத்து, தன் கணவனோடு மரியாதையாகப் பிழைக்கிறாள். அக்கா ஒவ்வோர் ஆண்டும் உப்பு வாரினார். மழை அழித்த ஆண்டுகளில் பாத்தியை மறுபடி மிதித்தார்.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று உறவில் பலர் கெஞ்சினார்கள். நான் சொல்லிவிட்டேன். அக்கா, “இந்த வருஷ உப்ப வாரி முடிச்சிடலாமா?” என்று கேட்டார். வைத்தியத்துக்கு நடுவே வாரியும் முடித்தார். வலி அதிகமான நாட்களில் அம்மனைத் திட்டுவார். திட்டி முடித்ததும் விபூதி கேட்பார். ஒரு காலைப்பொழுதில், செல்வியின் மடியில் தலை வைத்தபடி கண் மூடினார்.

அக்காவுக்கு மகன் இல்லை. கொள்ளி யார் வைப்பது என்று ஆண்கள் கூடிப் பேசியபோது, தள்ளாடியபடி வந்த பெரியப்பா, “பொண்ணு வெக்கட்டும். அவளுக்காகத்தானே எல்லாம்” என்றார். செல்வியே வைத்தாள்.

அக்கா படுக்கையில் இருந்தபோது அவருடைய பாத்திகளைத் தங்கள் பாத்தியைப் போலப் பார்த்துக்கொண்ட அளத்துப் பெண்களுக்கும், புதுச்சேரிக்கும் வீட்டுக்கும் அலைந்த மருமகனுக்கும், கேட்ட நேரத்தில் வந்த ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும், ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸம்மாவுக்கும், சுடுகாடு வரை கூட வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சண்டை போட்டும் விட்டுப் போகாத பெரியப்பாவுக்குத் தனியாக நன்றி.

ஒரு செய்தி மட்டும் பாக்கி இருக்கிறது. ஓராண்டுத் துக்கம் முடிந்தது. இந்தத் திருவிழாவில் செல்வி காப்புக் கட்டிக்கொள்கிறாள். என்ன வேண்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன். “ஒண்ணும் கேக்கல சித்தி. எங்கம்மா போட்ட சண்டைய நான் தொடர்ந்து போடணும், அவ்ளோதான்” என்றாள்.

ஊராருக்கும் உறவினர்களுக்கும் என் வேண்டுகோள் இது. காப்புக் கட்டியிருக்கும் நாட்களில் அவளுக்கு நல்லதோ கெட்டதோ எந்தச் செய்தி வந்தாலும் மறைக்காதீர்கள். உடனே சொல்லிவிடுங்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே அவள் போவாள். வண்டி ஓட்ட நான் இருக்கிறேன்.