இடது மீசையில் ஒரு வளைவு

பிராக்டிகல் வகுப்பில் பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் ஒரு தரம் பேருக்குக் குனிந்து பார்ப்பார்கள். பிறகு புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ரெக்கார்டில் வரைந்து தள்ளுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மக்ளே, பாத்துதான் வரச்சியா?" என்று கேட்டு, ரப்பரை எடுத்து நானே அழித்துவிடுவேன். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் படம் வரைபவள் நான். பத்தொன்பது வருஷமாக இதே கேள்விதான்.

நானாகப் பழகிக்கொண்ட முறை ஒன்று உண்டு. இடது கண் லென்ஸில், வலது கண் பக்கத்தில் கிடக்கும் தாளில். இரண்டும் திறந்தே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் லென்ஸுக்குள் இருக்கும் உயிர் தாளின்மேல் வந்து படுத்துக்கொள்ளும். அதன்மேல் பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். இதில் எனக்குத் திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

போன மழைக்காலத்தில் மேடம் விழிஞ்ஞத்திலிருந்து கடல்நீர் கொண்டுவந்தார். மேடம் எங்கள் துறை ஆசிரியை, என்னைவிட வயதில் சின்னவர். அந்த நீரில் அரிசிக் குருணையிலும் சிறிய, இறால் மாதிரியான உயிர்கள். தலை நடுவில் ஒற்றைக் கண், இரண்டு பக்கமும் நீண்ட மீசை. அந்தக் கண்ணையே உற்றுப் பார்த்தபடி மற்றதை வரைவது என் வழக்கம். இடது மீசை தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு வளைவு. வரைந்தேன். இரண்டாவதிலும் அதே வளைவு, ஐந்தாவதிலும் அதே வளைவு.

மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "சேச்சி, இது இதுவரை ஆரும் சொல்லாத இனமாக்கும்!" என்றார். கட்டுரையில் என் பெயரும் வரும் என்றார். அன்று சாலைக் கடைத்தெருவில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து மேடம் அதே உயிர்களைக் கேமராவில் படம் எடுத்தார். மீசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"கேமராவுக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பாத்தாக்கும் வரச்சது!" என்று சண்டைக்குப் போனேன். மேடம் கண்ணாடித் தகட்டை அரைவட்டமாகச் சுற்றி வைத்து, "இப்போ வரைங்க" என்றார். வரைந்தேன். இப்போது வலது மீசை வளைந்திருந்தது. உயிர் திரும்பிவிட்டது, வளைவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐயோ, கோளாறு என் கண்ணிலா! மேடம் கட்டுரையைக் கைவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கண் மருத்துவர் இரண்டு கண்களையும் ஸ்கேன் எடுத்தார். இடது கண்ணில் பார்வையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம், போனது திரும்பாதாம். வலது கண்ணை லென்ஸில் வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்றேன். எனக்கு வேறு வேலை தெரியாது. "அதையும் நோக்கட்டே" என்றார்.

முதலில் வலது கண்ணை மூடச் சொல்லி, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். "எப்படித் தெரியுதோ, கோட்டு மேல அப்படியே வரைங்க." நடுவில் கோடுகள் குழியில் விழுந்து எழுந்தன. ஒன்று விடாமல் வரைந்தேன். "கொள்ளாம் சேச்சி, நல்லா இருக்கு! இத்தனை சுத்தமா யாரும் வரைஞ்சு தந்ததில்ல" என்றார். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

பிறகு இடது கண்ணை மூடச் சொல்லிப் புதுத் தாள் கொடுத்தார். பார்த்தேன். நடுவில், கடுகளவு இடத்தில், ஒரு கோடு நெளிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். நெளிந்தது.

எல்லாக் கோடுகளையும் நேராக வரைந்து கொடுத்தேன்.

மருத்துவர் தாளைப் பார்த்தார், வலது கண்ணின் ஸ்கேனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சேச்சி, பார்த்துத்தானே வரைஞ்சீங்க?"